வகுப்பறையிலிருந்து வட்டார வள மையத்துக்கு

2023 அக்டோபரில் தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பட்டதாரி ஆசிரியர், வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் ஆகிய இரு பணிகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. 2024 பிப்ரவரியில் அது நடந்தது. கல்வித்தகுதி ஒன்று, பாடத்தாளும் ஒன்று. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறவரும், கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப் போகிறவரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள்.

நிர்வாகத்துக்கு இது எளிது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நம்பிக்கை குடியிருக்கிறது: பாடம் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தத் தெரியும், பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு ஆசிரியர்களைப் பயிற்றவும் தெரியும். இந்த நம்பிக்கையின் முதல் பாதியை 1986-இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு பாடத்தை அறிந்திருப்பதும், அதைப் பிறர் கற்கும்படி உருமாற்றத் தெரிந்திருப்பதும் தனித்தனி அறிவுகள் என்றார். பின்பாதியைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. பயிற்றுநராகப் பொறுப்பேற்கும் ஒருவர் அந்தப் பணிக்குள் எப்படி வேர்பிடிக்கிறார், எது அவரைத் தேர்ச்சி பெறச் செய்கிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. கிடைக்கும் ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுவதாக எனக்குப் படுகிறது. பயிற்றுநர் உருவாகும் இடம் பயிற்சிக் கூடம் அன்று, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறை. அங்கே போவதற்கான நேரத்தைத்தான் நம் அமைப்பு அவருக்கு மிகக் குறைவாகத் தருகிறது.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் அதற்கும் கீழே வட்டார வள மையங்களையும் குறுவள மையங்களையும் பரப்பியது. 2018 முதல் இவை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணிக்காலப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. ஆசிரியருக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிவைத்த கொள்கை, அந்த மணி நேரங்களை நடத்துபவருக்கு என்ன பயிற்சி என்று அதே துல்லியத்தோடு சொல்லவில்லை.

பெயரளவில் பயிற்சி உண்டு. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்குச் சில நாள், அவர்கள் வழியே மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சில நாள், பிறகு வட்டார அளவில் ஆசிரியர்களுக்கு. புதிதாகச் சேர்ந்தவர் மாவட்டத்தில் பயிற்சிக் கட்டகத்தைக் கையில் வாங்கிய சில நாள்களிலேயே அதைத் தன் ஒன்றியத்தில் எடுத்துச் சொல்ல நிற்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டகத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஏன் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் அவகாசம் கிடைத்திருக்காது. இன்னொன்றும் உண்டு. பயிற்றுநர் பெரும்பாலும் பட்டதாரி ஆசிரியர் நிலையில் உள்ளவர். இயற்பியலோ வரலாறோ ஆங்கிலமோ படித்து, பி.எட். முடித்து, ஆறாம் வகுப்புக்கு மேல் நடத்துவதற்கென்று தயாரானவர். அவர் நடத்தும் பயிற்சிகளில் பெரும்பகுதியோ தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கானது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்தை ஒலியோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கும் தருணத்தை அவர் ஒருமுறைகூடக் கூடவே இருந்து பார்த்திருக்க மாட்டார். அந்தத் தருணத்தை ஆண்டுக்கு ஆண்டு பார்த்துவரும் இடைநிலை ஆசிரியர்கள் எதிரே அமர்ந்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் ஜீன் மர்ரி, ட்ரெவர் மேல் என்ற இருவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருக்கமானது. பள்ளி ஆசிரியராக இருந்து, பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களைப் பயிற்றும் பணிக்கு வந்த 28 பேரிடம் அவர்கள் பேசினார்கள். அந்த 28 பேரும் பள்ளியில் நற்பெயர் எடுத்தவர்கள், அனுபவசாலிகள். ஆயினும் புதிய பணியில் தன்னம்பிக்கையோடு காலூன்ற அவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் பிடித்தன. பள்ளியில் கற்பிப்பது முதல்நிலைப் பணி, கற்பித்தலைக் கற்பிப்பது இரண்டாம் நிலைப் பணி என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். முதல்நிலையில் தேர்ந்தவரின் திறமை பெரும்பாலும் கையோடும் கண்ணோடும் கலந்து கிடக்கும். வகுப்பின் பின்வரிசையில் ஒரு பிள்ளை கவனம் சிதறுவதைப் பார்த்த கணத்திலேயே அவர் குரலை மாற்றியிருப்பார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வராது. இரண்டாம் நிலைப் பணியோ அந்தப் பதிலைத்தான் கேட்கிறது.

அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் பலர் பயிற்றுநரான முதல் மாதங்களில் தளர்ந்து போகிறார்கள். இதைத் தனிப்பட்ட குறையாக எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் மருகுபவர்களுக்கு மர்ரி, மேல் ஆய்வைப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றும். எந்தத் தொழிலிலும் அறிந்ததைச் செய்வதற்கும், செய்வதைச் சொல்வதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அதைக் கடக்க ஆண்டுகள் ஆகும் என்பது அந்த ஆய்வில் பதிவான உண்மை. வருத்தம் தருவது, அதைக் கடக்க நம் அமைப்பில் எவரும் கைகொடுப்பதாகத் தெரியாததுதான்.

எதிரே அமர்ந்திருப்பவர்கள்

வட்டார வள மையத்தின் கூடத்தில் நாற்பது ஆசிரியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 2003 வாக்கில் பணியில் சேர்ந்த ஒருவரின் அனுபவத்தை எண்ணிப் பார்க்கலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அந்த ஆண்டில்தான் செயல்வழிக் கற்றல் (ஏபிஎல்) முளைவிட்டது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷி வேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான அட்டைகளையும் கற்றல் ஏணிப்படிகளையும் முன்மாதிரியாகக் கொண்டு 13 பள்ளிகளில் அதைத் தொடங்கிவைத்தார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் பரவியது. கரும்பலகை கீழே இறங்கியது, மேசை நாற்காலி அகன்றது, ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். பிறகு அது எளிமைப்படுத்தப்பட்டது. 2012-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. 2018 முதல் புதிய பாடநூல்கள். பெருந்தொற்றுக் காலத்தில் திரைவழிப் பயிற்சிகள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம், அதன் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளோடு.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த ஆசிரியர் ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பயிற்சியிலும், இதுவரை செய்தது போதாது, இனி இப்படிச் செய்யுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது புதிதாக ஒருவர் முன்னால் நிற்கிறார், அவரைவிட இளையவர். கைகட்டிக்கொண்டு அந்த மூத்த ஆசிரியர் பின்னால் சாய்ந்தால் அதை எதிர்ப்பு என்று படிக்க வேண்டியதில்லை. அதில் இருபது ஆண்டுத் தொழில் நினைவு இருக்கிறது. "சார், இதையெல்லாம் ஏபிஎல்லயே செஞ்சாச்சு" என்று அவர் சொல்வாரானால், அது உண்மையாகவும் இருக்கும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உள்ள நிலைவாரிக் குழுக்களுக்கும் ஏணிப்படிக் குழுக்களுக்கும் உறவு உண்டு. எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று அவரையே விளக்கச் சொல்லும் பயிற்றுநருக்கு அந்தக் கூடத்தில் ஒரு துணை கிடைத்துவிடும்.

புதியவர்கள் வழக்கமாக இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். முதல் நாளே எல்லாரையும் நம்பவைத்துவிடத் துடிக்கிறார்கள். புள்ளிவிவரம் காட்டுகிறார்கள், உணர்ச்சிபூர்வமான காணொளி போடுகிறார்கள், ஆசிரியப் பணியின் மேன்மையைப் பேசுகிறார்கள். மனம் மாறினால் செயல் மாறும் என்பது இதன் உள்ளெண்ணம். தாமஸ் கஸ்கி 1986-இல் முன்வைத்த கருத்து இந்த வரிசையையே புரட்டிப் போட்டது. ஆசிரியர் முதலில் ஒரு சிறு புதுமையைத் தன் வகுப்பில் செய்து பார்க்கிறார். பிள்ளைகளிடம் மாற்றம் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகே அவருடைய நம்பிக்கை மாறுகிறது. பிள்ளைகளின் கற்றல்தான் ஆசிரியரின் மனத்தை மாற்றும் சாட்சி என்றால், முதல் நாள் பயிற்சிக்குக் குறிக்கோள் மிக எளியது: திங்கட்கிழமை வகுப்பில் செய்து பார்க்கத் தக்க ஒன்றை ஆசிரியர் கையில் கொடுத்தனுப்புவது. நம்புங்கள் என்று கேட்க வேண்டாம். செய்து பாருங்கள், பதினைந்து நாளில் பிள்ளைகளின் நோட்டோடு குறுவள மையக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்டால் போதும். சில நோட்டுகளில் ஒரு மாற்றமும் இருக்காது. அப்போது பேச வேண்டியதும் அந்த நோட்டுகளைப் பற்றித்தான். அந்தக் கூட்டத்தை அதற்கென்று ஒதுக்கிவைக்கும் துணிவு பயிற்றுநருக்கு வேண்டும். ஏனெனில் அறிவிப்புகளும் படிவங்களும் அதை விழுங்கக் காத்திருக்கும்.

சொல்வதும் செய்து காட்டுவதும்

டான் லார்ட்டி 1975-இல் எழுதிய நூலில் ஒரு கூர்மையான கவனிப்பு உண்டு. ஆசிரியத் தொழிலுக்கு வருபவர் யாரும் அதைப் புதிதாகப் பார்ப்பதில்லை. தாம் மாணவராக இருந்த ஆண்டுகளிலெல்லாம் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். அந்தப் பார்வைப் பழக்கம் பயிற்சிக் கல்லூரியில் கற்றதைவிட ஆழமாகப் பதிந்திருக்கும். பயிற்றுநருக்கும் இது பொருந்தும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பயிற்சி என்றால் எப்படி இருக்கும் என்பதை அவர் பார்த்துப் பழகியது தாம் பங்கேற்ற பயிற்சிகளில்தான்: வருகைப் பதிவு, அறிமுகம், திரையில் வரிவரியாக வாசிப்பு, தேநீர், குழுவாகப் பிரிந்து சார்ட் எழுதுதல், ஒட்டுதல், குழுத்தலைவர் வாசித்தல், பின்னூட்டப் படிவம். குழந்தைகளைப் பேச விடுங்கள் என்று இரண்டு மணி நேரம் தாமே பேசி முடிக்கும் பயிற்சிகள் இப்படித்தான் பரம்பரையாகக் கைமாறுகின்றன.

நெதர்லாந்தில் ஃப்ரெட் கோர்த்தாஹென், மீகே லூனென்பெர்க், அன்யா ஸ்வென்னென் ஆகியோர் 2007-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தொடுகின்றன. பயிற்றுநர் தாம் சொல்லும் முறையிலேயே பயிற்சியை நடத்துவது அவசியம், ஆனால் அதுவும் போதாது என்று அவை காட்டுகின்றன. நடத்துகிறபோதே, இந்த இடத்தில் நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று வெளிப்படையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பங்கேற்பவர்கள் விளையாட்டை விளையாடிவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார்கள், அதன் கற்பித்தல் நுட்பம் கூடத்திலேயே தங்கிவிடும். ஆய்வாளர்கள் கவனித்த பயிற்றுநர்களிடம் இந்த வெளிப்படையான விளக்கம் மிக அரிதாகவே இருந்தது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-இலிருந்து 38-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 26 என்று எழுதுவார்கள். எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு. உலகம் முழுவதும் பிள்ளைகள் செய்யும் பிழை இது. வழக்கமான பயிற்சியில், கடன் வாங்கிக் கழிப்பதற்குக் குச்சிக் கட்டுகளைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி, பயன்படுத்தும் விதத்தைக் காட்டி முடிப்பார்கள். தேர்ந்த பயிற்றுநர் ஒருவர் முதலில் 26 என்று எழுதிய விடைத்தாளைக் கொடுத்து, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று கேட்பார். என்ன தெரியவில்லை என்ற கேள்வி பிறகு வரட்டும். கூடத்தில் ஓர் அமைதி நிலவும். பிறகு யாராவது சொல்வார்: பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம், அந்தப் பிள்ளை அதைப் பிழையில்லாமல் கடைப்பிடித்திருக்கிறது. இன்னொருவர் சொல்வார்: ஒவ்வோர் இடத்தையும் தனித்தனி எண்ணாகப் பார்க்கிறது, 52 என்ற முழு எண் அதன் கண்ணில் இல்லை. அடுத்துக் குச்சிக் கட்டுகளை ஆசிரியர்களே எடுத்து, ஒரு பத்துக் கட்டை அவிழ்க்கும் முன் விடை இருபதுக்கு மேல் வருமா கீழே வருமா என்று ஊகிப்பார்கள். அதன் பிறகு பயிற்றுநர் நிறுத்திச் சொல்வார்: பிழையைத் திருத்தாமல் முதலில் விளக்கச் சொன்னேன், ஏனெனில் வகுப்பில் நீங்கள் செய்ய வேண்டியது அதுதான். அவிழ்க்கும் முன் ஊகிக்கச் சொன்னேன், ஏனெனில் ஊகிக்காத பிள்ளைக்குக் குச்சி வெறும் குச்சி.

இந்த ஒன்றரை மணி நேரத்தை நடத்த, கட்டகத்தில் இல்லாத ஒன்று வேண்டும். 26 என்று எழுதிய பிள்ளைகளோடு பயிற்றுநர் தாமே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசாதவருக்கு ஆசிரியர்களின் இரண்டாவது பதிலுக்குப் பிறகு என்ன கேட்பது என்று தெரியாது. தெரியாத இடத்தில் நாம் எல்லாரும் திரைக்குத்தான் திரும்புவோம்.

மேலிருந்து கீழே

மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று படிப்படியாகப் பயிற்சி இறங்கும் முறையை அருவி முறை என்கிறார்கள். லட்சக்கணக்கான ஆசிரியர்களைக் குறுகிய காலத்தில் எட்ட வேண்டிய மாநிலத்துக்கு இதற்கு மாற்று எளிதில் கிடைக்காது. குறை அதன் வடிவத்தில் மட்டும் இல்லை என்பதை இலங்கை அனுபவம் காட்டுகிறது. அங்கே தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கான ஒரு திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு டேவிட் ஹேய்ஸ் 2000-இல் எழுதிய கட்டுரை, அருவி முறை வெற்றிபெறத் தேவையான நிபந்தனைகளை வகுத்தது. பயிற்சி அனுபவத்தோடும் சிந்தனையோடும் இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியில் இருப்பவரும் அதைத் தம் சூழலுக்கேற்ப மாற்றி விளக்க இடம் வேண்டும். நிபுணத்துவம் உச்சியில் குவியாமல் எல்லாப் படிகளிலும் பரவியிருக்க வேண்டும். பயிற்சிப் பொருள்களை உருவாக்கும் வேலையில் பல தரப்பினரும் கலந்திருக்க வேண்டும். பொறுப்பும் கீழ்வரை பகிரப்பட வேண்டும்.

இவற்றில் புதிய பயிற்றுநருக்கு முதலில் தேவைப்படுவது, மாற்றி விளக்கும் உரிமை. மாநிலம் முழுவதும் ஒரே நாளில், ஒரே கட்டகத்தில், ஒரே நேர அட்டவணையில் நடக்கும் பயிற்சியில் அந்த உரிமை சுருங்கிப்போகிறது. ஓராசிரியரோ ஈராசிரியரோ ஐந்து வகுப்புகளையும் ஒன்றாக வைத்து நடத்தும் மலைக்கிராமப் பள்ளிக்கும், நகரத்துப் பள்ளிக்கும் ஒரே செயல்பாடு ஒரே மாதிரி பொருந்தாது. பொருந்தாத இடத்தை ஆசிரியர் சுட்டிக்காட்டும்போது, மேலிடத்து உத்தரவு என்று பதில் சொல்லும் நிலைக்குப் பயிற்றுநர் தள்ளப்பட்டால், அவருக்கும் ஒலிபெருக்கிக்கும் வேறுபாடு இல்லாமல் போகும்.

அன்னா போபோவா, டேவிட் எவன்ஸ் முதலானோர் உலக வங்கிக்காகச் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, 14 நாடுகளில் அரசு நிதியில் நடந்த 139 பணிக்காலப் பயிற்சித் திட்டங்களை ஆராய்ந்தது. பலன் தந்ததாகக் கண்டிப்பான ஆய்வுகளில் நிறுவப்பட்ட திட்டங்களோடு அவற்றை ஒப்பிட்டது. பலன் தந்த திட்டங்கள் ஒரு குறிப்பிட்ட பாடத்தில் ஊன்றி நின்றன, பயிற்சிக்குள்ளேயே ஆசிரியர்கள் பாடம் நடத்திப் பழகினார்கள், பயிற்சிக்குப் பிறகு பள்ளிக்கு வந்து பார்த்தார்கள். பெரிய அளவில் நடந்த அரசுத் திட்டங்களில் இக்கூறுகள் மிகக் குறைவாகவே இருந்தன. அதாவது எது வேலை செய்கிறது என்பது ஓரளவு தெரிந்திருந்தும் அதை விட்டுவிட்டு மற்றதைப் பெரிதாகச் செய்கிறோம்.

கூடத்துக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், ஸ்வானா மொழியில் பிள்ளைகள் படிக்கக் கற்பதை மேம்படுத்த ஒரு பரிசோதனை நடந்தது. ஜேக்கபஸ் சிலியர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 180 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வேறு 50 பள்ளிகளின் வகுப்பறைகளுக்கு வாசிப்புக் கற்பித்தலில் தேர்ந்த பயிற்றுநர்கள் தொடர்ந்து வந்து உடனிருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்புகள், ஒரே வாசிப்பு நூல்கள். மீதி 80 பள்ளிகள் ஒப்பீட்டுக்கு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மையப் பயிற்சி பெற்ற பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பு சுமார் 0.12 திட்டவிலக்கம் உயர்ந்தது. வகுப்பறைக்கு ஆள் வந்த பள்ளிகளில் அது 0.24. ஏறக்குறைய இரட்டிப்பு. குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் செய்து கேட்பது போன்ற கடினமான நடைமுறைகள், உடனிருந்து உதவ ஒருவர் இருந்த இடங்களில்தான் அதிகம் தென்பட்டன.

மாத்யூ கிராஃப்டும் சகாக்களும் 2018-இல் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசைதான். உடனிருந்து வழிகாட்டும் முறை கற்பித்தலை 0.49 திட்டவிலக்கமும் பிள்ளைகளின் தேர்ச்சியை 0.18 திட்டவிலக்கமும் உயர்த்தியது. ஆனால் திட்டம் பெரிதாகும்போது பலன் கணிசமாகக் குறைந்தது. நல்ல பயிற்றுநர்களைப் பெரும் எண்ணிக்கையில் உருவாக்குவதுதான் இதில் கடினமான கண்ணி. கேள்வி மீண்டும் பயிற்றுநரிடமே வந்து நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பிரதம் நிறுவனத்தின் நிலைக்கேற்ற கற்பித்தல் முறையை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுசெல்லும் முயற்சிகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலானோர் பல மாநிலங்களில் ஆராய்ந்தார்கள். பீகாரில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்தார்கள். வழக்கமான பள்ளி நாள்களில் பிள்ளைகளின் தேர்ச்சி அசையவில்லை. உத்தராகண்டிலும் அப்படியே. ஆனால் பீகாரில் அரசு ஆசிரியர்களே நடத்திய ஒரு மாதக் கோடை முகாமில் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர்களால் முடியும் என்பது தெரிந்தது. பள்ளி நாளுக்குள் அது ஏன் நடக்கவில்லை என்பதுதான் புதிர்.

2012–13-இல் அரியானாவில், இரண்டு மாவட்டங்களின் 400 பள்ளிகளில், சில ஏற்பாடுகளை மாற்றினார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் வகுப்பு வேறுபாடின்றி வாசிப்பு நிலைப்படி குழுக்களானார்கள். நமக்கு முக்கியமானது அடுத்த மாற்றம். நம் ஆசிரியர் பயிற்றுநர்களை ஒத்த வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்த பிறகு, ஆசிரியர்களைப் பயிற்ற உடனே அனுப்பவில்லை. பள்ளிகளுக்கு அனுப்பி, 15 முதல் 20 நாள் வரை தாங்களே தினமும் பிள்ளைகளுக்கு அந்த முறையில் பாடம் நடத்த வைத்தார்கள். அதன் பிறகே அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிகளுக்குப் போய் உதவினார்கள். இந்தி வாசிப்பில் 0.15 திட்டவிலக்க முன்னேற்றம் பதிவாகியது. கணக்கில் முன்னேற்றம் இல்லை. அங்கே கணக்குப் பயிற்சியே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த முன்னேற்றத்துக்கு எந்த மாற்றம் எவ்வளவு காரணம் என்று பிரித்தளக்க முடியாது. ஒதுக்கிய மணி நேரமும் குழுப்பிரிப்பும் பள்ளிப் பார்வையும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனாலும் அந்த 15–20 நாள்தான் என் கண்ணில் நிற்கிறது. அரியானாவின் வட்டார ஒருங்கிணைப்பாளர் ஆசிரியர் முன் நிற்கும்போது, இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து நாள் நான் செய்தேன், மூன்றாம் நாள் குழுக்கள் குழம்பின, ஆறாம் நாள் இந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டினான் என்று சொல்லலாம். ஆசிரியர் எழுப்பும் தடைகளில் எது உண்மையானது, எது கடந்துபோகக் கூடியது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மதிப்பு பதவியிலிருந்து வருவதற்கும் பிள்ளைகளிடமிருந்து வருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுகொள்வார்கள்.

பள்ளிப் பார்வையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியையைப் பற்றி டேவிட் கோஹன் 1990-இல் எழுதிய கட்டுரை கல்வி ஆய்வுலகில் மிகவும் அறியப்பட்டது. அந்த ஆசிரியை புதிய கணிதக் கற்பித்தல் முறைக்கு முழுமனதோடு மாறிவிட்டதாக நம்பினார். வகுப்பில் புதிய பொருள்கள் இருந்தன, குழுக்கள் இருந்தன, உற்சாகம் இருந்தது. கோஹன் அருகிருந்து பார்த்தபோது, விடை சரியா தவறா என்பதைத் தாண்டிப் பிள்ளைகளின் சிந்தனை அங்கே பேசப்படவே இல்லை. அந்த ஆசிரியை மீது அவர் குற்றம் சொல்லவில்லை. பழைய புரிதலைக் கொண்டுதானே எவரும் புதியதைக் கற்க முடியும் என்று பரிவோடு எழுதினார். நம் பள்ளிப் பார்வைப் படிவங்கள் அந்த ஆசிரியையின் வகுப்பைப் பார்த்திருந்தால் எல்லாக் கட்டங்களிலும் ஆம் என்றே குறித்திருக்கும்: துணைக்கருவி உண்டு, குழு உண்டு, பயிற்சிநூல் எழுதப்பட்டுள்ளது. புதிய பயிற்றுநர் இந்தப் படிவத்தைத் தாண்டிப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு எளிய வழி, ஒரு பள்ளிக்குப் போனால் நான்கு பிள்ளைகளோடு தனித்தனியே உட்கார்ந்து வாசிக்கச் சொல்லியும் கணக்கைப் போட்டபடியே விளக்கச் சொல்லியும் கேட்பது. அதை ஆசிரியரோடு பகிரும்போது, நீங்கள் இப்படி நடத்தியிருக்கலாம் என்று தொடங்குவதைவிட, இந்தப் பிள்ளை இப்படிச் சொன்னது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது டீச்சர் என்று தொடங்கினால் பேச்சு ஆசிரியரின் மேலிருந்து பிள்ளையின் மேல் நகர்ந்துவிடும்.

ஆசிரியர் பயிற்றுநர் ஆய்வு அதிகாரி அல்லர். அந்த அதிகாரம் வட்டாரக் கல்வி அலுவலருடையது. ஆனால் படிவத்தோடும் கைபேசிச் செயலியோடும் வகுப்பின் பின்னால் நிற்பவரை ஆசிரியர்கள் அதிகாரியாகவே பார்ப்பார்கள். புள்ளிவிவரம் சேகரிக்கும் வேலையும், திட்டங்களின் நிறைவேற்றத்தைப் பதிவேற்றும் வேலையும் பயிற்றுநர்களின் பள்ளி நாள்களை எடுத்துக்கொள்வதாக அவர்களுடைய சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. இது வெறும் வேலைப்பளுவின் முறையீடு அன்று என்பதை மேலே கண்ட ஆய்வுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கற்பித்தலை மாற்றுவதாக அளந்து நிறுவப்பட்ட நேரத்தை, அளக்க எளிதான வேலைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

புதிதாகப் பணியேற்பவரின் முதல் ஆண்டை வேறு விதமாக வடிவமைக்கச் செலவு அதிகம் ஆகாது. முதல் பருவம் முழுவதும் அவர் தன் ஒன்றியத்தின் ஒரு தொடக்கப்பள்ளியில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒரு குழுவுக்கு நடத்தட்டும், ஒன்றாம் வகுப்பாக இருந்தால் மிக நல்லது. அந்தப் பள்ளியின் ஆசிரியரே அவருக்கு வழிகாட்டியாக இருக்கட்டும். அந்தக் காலத்தில் பயிற்சிகளில் அவர் தனியே நிற்காமல் மூத்த பயிற்றுநர் ஒருவரோடு சேர்ந்து நடத்தட்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர், பங்கேற்பாளர்கள் எங்கே விழித்துக்கொண்டார்கள், எங்கே சோர்ந்தார்கள் என்று குறித்துவைத்து மாலையில் பேசட்டும். இரண்டாம் பருவத்தில் கட்டகத்தின் ஒரு பகுதியைத் தன் பள்ளி அனுபவத்தைக் கொண்டு திருத்தி எழுதும் பொறுப்பை அவருக்குக் கொடுத்து, அந்தத் திருத்தம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்ச்சேர வழி வைத்தால், ஹேய்ஸ் கேட்ட கீழிருந்து மேலேறும் பாதையும் திறக்கும்.

அமைப்பு இதைச் செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்களும் இருப்பார்கள். அடுத்த வாரமே பயிற்சி நடத்த வேண்டிய நிலையில் இன்று சேர்ந்திருப்பவர் அவர்களில் ஒருவர். அவர் அருகிலுள்ள பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் போய், வாரத்தில் இரண்டு காலை வேளை உங்கள் ஒன்றாம் வகுப்பில் உட்காரவும் நடத்தவும் இடம் கொடுங்கள் என்று கேட்கலாம். அனுமதிக்க வேண்டிய மேற்பார்வையாளர் இதைப் பள்ளிப் பார்வையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே கிடைக்கும் பிள்ளைகளின் தாள்களை ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்கினால், அடுத்த பயிற்சிக்கான முதல் பயிற்சிப் பொருள் அதுவே. பணிமாறுதலில் அவர் வேறு ஒன்றியத்துக்கோ பள்ளிக்கோ போகும் நாளில் அந்தக் கோப்பின் ஒரு படியை அடுத்து வருபவரின் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம்.